தொற்றுக்காலத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால்: வட சென்னை போர்ஷன் வீடுகளுக்கு ஒரு நோட்டீஸ்

#1 கல்மண்டபம்

காசிமேடு, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் போர்ஷன் வீடுகள்ல ஒட்டுற மாதிரி ஒரு நோட்டீஸ் தயார் பண்றோம். அடுத்த தொற்றோ அடுத்த ஊரடங்கோ வந்தா குடித்தனக்காரங்க முதல் வாரத்துல என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு. ஏ4 தாள்ல ஒரே பக்கம். அதுக்கு மேல போனா எவனும் படிக்க மாட்டான்.

தயவுசெஞ்சு அனுபவக் கதை வேணாம், அது நம்ம ஏரியாவுல மூட்டை மூட்டையா இருக்கு. எந்தச் சட்டம், எந்தத் தேதி, யார்கிட்ட மனு, எங்க சறுக்கும், இதை மட்டும் எழுதுங்க.

முதல் கேள்வி: 2020-ல "வாடகை கேக்கக் கூடாது"ன்னு டெல்லியில இருந்து உத்தரவு வந்துச்சே, அதை நோட்டீஸ்ல போடலாமா?

#2 ஸ்மால்காசஸ்

போடாதீர்கள். அதை நம்பி ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

அது 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 10(2)(எல்)-இன் கீழ் பிறப்பித்தது. வாடகை வீட்டைப் பற்றி அதில் இருந்தவை இரண்டே விஷயம். புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தொழிலாளர்கள் குடியிருக்கும் இடங்களில் உரிமையாளர் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளர்களையும் மாணவர்களையும் காலி செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அந்தச் சட்டப்படி நடவடிக்கை.

"கேட்கக் கூடாது" என்றுதான் இருந்தது. தள்ளுபடி என்று எங்கும் இல்லை. அந்த மாத வாடகையைப் பிறகு எத்தனை தவணையில் கொடுப்பது என்றும் இல்லை. சொந்த ஆட்டோ ஓட்டுபவர், தள்ளுவண்டிக்காரர், வீட்டு வேலை செய்பவர் எல்லாம் அந்தத் "தொழிலாளர்" கணக்கில் வருவார்களா என்ற விளக்கமும் இல்லை. கடைசியில் மே 17 உத்தரவில், அதே பிரிவின் கீழ் முன்பு போட்டவை மே 18 முதல் செல்லாது என்று முடித்துவிட்டார்கள்.

மீறினால் தண்டனை உண்டு: 51ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஆனால் 60ஆம் பிரிவைப் படித்தவர்கள் குறைவு. அந்தக் குற்றத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அரசு அதிகாரியே புகார் கொடுக்க வேண்டும். இல்லை, தனி ஆள் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தடையே ஒரு மாதம், முன்னறிவிப்பும் ஒரு மாதம். கணக்கு எங்கே இடிக்கிறது பாருங்கள்.

முதலமைச்சர் பேச்சை நம்பியும் பலன் இல்லை. டெல்லி முதலமைச்சர் 2020 மார்ச் 29 அன்று, ஏழைகளின் வாடகையை அரசே தரும் என்று பத்திரிகையாளர் சந்திப்பில் சொன்னார். அந்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021 ஜூலையில் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதே செப்டம்பரில் அதற்குத் தடை போட்டது.

#3 நாலாம் போர்ஷன்

சார் சொல்றது எல்லாம் பேப்பர்ல காலி பண்றது. நம்ம பக்கம் எவன் சார் கோர்ட்டு நோட்டீஸ் வுட்டு காலி பண்றான்?

இங்க காலி பண்ற விதமே வேற. மீட்டர் போர்டுல வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் வரிசையா இருக்கும், போர்ஷனுக்கு ஒண்ணு. அதுல ஒண்ண உருவி ஓனர் பாக்கெட்ல போட்டுக்குவாரு. கேட்டா "ஃபியூஸ் போயிருச்சு, கடை தொறந்ததும் பாக்கலாம்". ரெண்டாவது, மோட்டார் சுச்சு. அது எப்பவும் ஓனர் வூட்டுக்குள்ள. காலையில அரை மணி போடுறவரு பத்து நிமிஷம் போடுவாரு, நாலாவது போர்ஷன் குடம் ரொம்பறதுக்குள்ள ஆஃப். மூணாவது, கக்கூஸ் சாவி. நாலாவது, நீ மார்க்கெட்டுக்குப் போன நேரம் பாத்து உன் பூட்டு மேலயே இன்னொரு பூட்டு.

நோட்டீஸ்ல மொதல் வரி வாடகை பத்தி இருக்கக் கூடாது. ஃபியூஸ், தண்ணி, பூட்டு. இதான் மொதல் வரி.

#4 மனு_எழுத்தர்

நாலாம் போர்ஷன் சொல்வது நூற்றுக்கு நூறு. நல்லவேளையாக, சட்டம் இந்த இடத்தில்தான் கொஞ்சம் பலமாக இருக்கிறது, தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, துப்புரவு, கழிவறை வசதி ஆகியவற்றை அந்தச் சட்டம் அத்தியாவசிய சேவை என்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் இவற்றை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். விசாரணை முடியும் முன்பே இணைப்பைக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் அந்த இடைக்கால உத்தரவைத் தனியாக, எழுத்தில் கேட்க வேண்டும். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று மட்டும் முடித்தால் தக்க நடவடிக்கை என்பது அடுத்த மாதம் வரும் ஒரு சம்மனாக இருக்கும்.

மேல்பூட்டு போட்டால் வரிசை இது.

ஓனர் பூட்டை நீங்கள் உடைக்காதீர்கள். உடைத்தால் அவருக்கு ஒரு எதிர்ப்புகார் இலவசம். இரண்டு பூட்டும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ, கதவு எண்ணோடு ஒன்று, தெருவோடு ஒன்று. உடனே 100 அல்லது 112. ஆள் வருகிறாரோ இல்லையோ, எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பது உங்கள் போனில் நிற்கும். பிறகு ஸ்டேஷனில் எழுத்துப் புகார்.

அங்கே வழக்கமாக வரும் பதில்: "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." வாடகை பாக்கி சிவில்தான். குடியிருப்பவர் பூட்டின் மேல் பூட்டுப் போட்டு உள்ளே போக விடாமல் தடுப்பதும், பாத்திரம் பண்டத்தைத் தெருவில் வைப்பதும், மிரட்டுவதும் சிவில் இல்லை. ஆகவே புகாரில் வாடகைப் பேச்சை முதல் பத்தியில் எழுதாதீர்கள். "இன்ன தேதி, இத்தனை மணிக்கு, நான் குடியிருக்கும் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்து, பொருள்களை வெளியே எடுத்துப் போட்டு, மிரட்டி, மேல்பூட்டுப் போட்டார்" என்று தொடங்குங்கள். எஃப்ஐஆர் போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு எண் போட்டுத் தரும் தாள், வாங்காமல் படி இறங்காதீர்கள். பிறகு எங்கே போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

எல்லாம் தவறினாலும் ஒன்று இருக்கிறது. "குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்" (Specific Relief Act) என்ற சட்டத்தின் 6ஆம் பிரிவு. சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு, வீடு யாருடையது என்ற பேச்சுக்கே போகாமல் திரும்பக் குடியேறக் கேட்கலாம். ஆறு மாதம் தாண்டினால் அந்தக் கதவு அடைந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பாதிப் பேர் மாட்டுவது: ஒப்பந்தம், கேஸ் புத்தகம், வாடகை நோட்டு எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் பீரோவில் இருக்கும். இன்றைக்கே போட்டோ எடுத்து, அந்த வீட்டில் இல்லாத உறவுக்காரர் ஒருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள்.

#5 மாடிவீடு

எல்லாரும் ஓனரைத் திட்டி முடித்தாயிற்று என்றால் கணக்குப் பார்ப்போம்.

கொருக்குப்பேட்டையில் ஐந்து போர்ஷன், தலைக்கு 5,500 என்று வையுங்கள். மாதம் 27,500. பெரும்பாலும் அது ஒரு விதவைத் தாயாரோ, ரிட்டயர்டு ஆளோ சாப்பிடுகிற பணம். கம்பெனி இல்லை, டிரஸ்டு இல்லை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-ல் தவணைக்குக் கொடுத்த அவகாசம் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதுவும் வங்கிக் கடனுக்கும் நிதி நிறுவனக் கடனுக்கும் மட்டும். அடகுக் கடை வட்டிக்கும் கைமாத்துக்கும் எந்த அவகாசமும் யாரும் கொடுக்கவில்லை. மாநகராட்சி சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, அது தனி.

வாடகை கேட்காதே என்று ஒரு வரி எழுத அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. செலவு முழுக்க மாடியில் இருப்பவர் தலையில். அதனால்தான் அவர் ஃபியூஸைப் பிடுங்குகிறார். சரி என்று சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். அரசு பாதி வாடகையை நேராக ஓனர் கணக்கில் போடட்டும், அல்லது அந்த அரையாண்டு சொத்து வரியைக் கழிக்கட்டும். பிறகு காலி பண்ணச் சொல்கிறவனைக் கேளுங்கள்.

#6 டெக்சாஸ்_தண்டையார்பேட்டை

மாடிவீடு அய்யா சொன்னதுக்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே 2020 செப்டம்பர் 4 முதல் நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சிடிசி, நாடு முழுக்க வெளியேற்றத்துக்குத் தடை போட்டது. சட்ட அடிப்படை 1944ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம். காரணம் எளிது: வீட்டை விட்டுத் துரத்தினால் சொந்தக்காரர் வீட்டில் போய் எட்டுப் பேரோடு எட்டுப் பேராக நெருக்கிப் படுப்பார்கள், நோய் பரவும்.

ஆனால் அது தானாக வராது. குடியிருப்பவர் ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஓனரிடம் கொடுக்க வேண்டும். வருமானம் தனி ஆளுக்கு ஆண்டுக்கு 99,000 டாலருக்கு மேல் போகாது, அரசு உதவி கேட்டுப் பார்த்தேன், முடிந்த அளவு பகுதி வாடகை கட்டுகிறேன், வெளியே போனால் தெருதான், என்று. படிவம் கொடுக்காதவர்களைப் பல இடத்தில் காலி பண்ணினார்கள். வாடகை, தாமதக் கட்டணம் எல்லாம் ஏறிக்கொண்டே இருந்தது. உதவிப் பணம் இரண்டு கட்டமாக மொத்தம் சுமார் 46.5 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள், ஆனால் கைக்குப் போய்ச் சேர மாதக்கணக்கானது. பணம் போய்ச் சேரும் முன்பே 2021 ஆகஸ்ட் 26-ல் உச்ச நீதிமன்றம், சிடிசிக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று தடையை முடித்துவிட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் படிவத்தை. யாரும் கேட்காவிட்டாலும் முதல் மாதமே எழுத்தில் ஒன்று கொடுத்து வைப்பது.

#7 ஸ்மால்காசஸ்

அந்தக் கடிதத்துக்கு இங்கேயும் வேலை இருக்கிறது, வேறு காரணத்துக்காக.

2017 சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காலி செய்ய வைக்க முடியாது. பாக்கிக்காகக் கேட்பதானால்: இரண்டு மாத வாடகை பாக்கி, அதற்கு ஒரு கேட்பு அறிவிப்பு, அது கையில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டாதது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் காரணம் நிற்கும். அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் வழக்கு விழுந்துவிடும். ஆகவே வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் சேர்ந்த கணக்குதான், நாள் மட்டும் வீணாகும்.

இப்போது ஒப்பந்தக் கடிதம். வாடகை 6,000, அட்வான்ஸ் 30,000, ஊரடங்கில் மூன்று மாதம் போயிற்று, பாக்கி 18,000 என்று வைப்போம். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று வாயால் சொல்வதில் இரண்டு கோளாறு. அவர் கழித்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொண்டாலும் அட்வான்ஸ் கரைந்ததும் உடனே நிரப்பச் சொல்வார். எழுத்தில் இப்படிப் பிரியுங்கள்: 12,000-ஐ அட்வான்ஸில் கழிப்பது, மீதம் நிற்கும் அட்வான்ஸ் 18,000, அதாவது சரியாக மூன்று மாத வாடகை. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை சட்டம் அனுமதிக்கும் அட்வான்ஸும் அதுவே. மிச்சப் பாக்கி 6,000-ஐ மாதம் 1,000 வீதம் ஆறு மாதம், மாத வாடகையோடு சேர்த்து. இரண்டு பேர் கையெழுத்து, தேதி, ஆளுக்கு ஒரு பிரதி. இதை எழுதிவிட்டால் "மூன்று மாதம் கட்டவில்லை" என்று பிறகு வழக்குப் போடுவது கடினம்.

ஓனர் கையெழுத்துப் போட மறுத்தால் அதையே ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். பணத்தை வாங்க மறுத்தால் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, குறிப்பில் "ஏப்ரல் வாடகை, பகுதி" என்று எழுதுங்கள். வெறும் 3,000 என்று போனால் அது கைமாத்தைத் திருப்பிக் கொடுத்தது என்று பேசிவிடுவார்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தவும் வழி உண்டு. பகுதி வாடகை பாக்கியை அழிக்காது, அதை மறக்க வேண்டாம். நல்லெண்ணத்தைக் காட்டும், அவ்வளவே.

பழைய பாக்கி பற்றியும் சிலர் கேட்பார்கள். வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிப் பார்த்தால் முதல் ஊரடங்குக் கால வாடகைக்கு 2025 பிப்ரவரியோடு கெடு முடிந்துவிட்டது. கெடுவுக்குள் "பாக்கியைத் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. இதை நோட்டீஸில் போட வேண்டாம், சண்டையைத்தான் வளர்க்கும்.

#8 தடைக்காலம்

காசிமேட்டுக்கு ஒரு தனி வரி வேணும் தோழர்களே. இங்க வருமானம் வருஷா வருஷம் நிக்கும்: விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2020-ல ஊரடங்கு மார்ச் 25-லயே வந்து அதோட ஒட்டிக்கிச்சு. அந்த வருஷம் மட்டும் தடையை மே 31-ஓட, 47 நாளாக் குறைச்சாங்க. சாதாரண வருஷத்துல ஓனருக்கே தெரியும், ஜூன் கடைசியில மொத்தமா வந்துரும்னு பொறுத்துக்குவாரு. தொற்று வந்தா அந்தப் பொறுமை மார்ச் மாசமே செலவாயிடும். அதனால ஒப்பந்தம் எழுதும்போதே "ஏப்ரல், மே வாடகை ஜூலை முதல் மூன்று தவணையில்"னு ஒரு வரி போட்டுக்கணும். ஐஸ் உடைக்கிறவங்க, கருவாடு போடுறவங்க, மீன்பாடி வண்டிக்காரங்க எல்லாருக்கும் இதே கதிதான், படகுல போறவங்களுக்கு மட்டும் இல்ல.

இன்னொண்ணு லீஸ் வீடு. போகியம்னு பெரியவங்க சொல்லுவாங்க. மூணு லட்சம், நாலு லட்சம் மொத்தமாக் கொடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கிறது. வாடகைத் தடை உத்தரவு எது வந்தாலும் இவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா வாடகையே இல்ல. "காலி பண்ணு, பணம் ஆறு மாசத்துல தர்றேன்"னு சொல்லும்போதுதான் வயித்தைக் கலக்கும். ஸ்மால்காசஸ் சார், பத்திரப்பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்கினது போதுமா?

#9 ஸ்மால்காசஸ்

போதாது. போகியம் என்பது சொத்தை அடமானமாகக் கையில் கொடுப்பது. 100 ரூபாய்க்கு மேல் போனாலே அந்த அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 59. பதியாத தாளை வைத்துப் பணம் கொடுத்ததைக் காட்டலாம், பணத்தைக் கேட்டு வழக்கும் போடலாம். பணம் வரும் வரை வீட்டில் உட்காரும் உரிமையை அதை வைத்து நிரூபிப்பது கஷ்டம். பணம் ரொக்கமாகப் போயிருந்தால் இன்னும் கஷ்டம். போகியக்காரர்களுக்கு நோட்டீஸில் ஒரே வரி: பணம் முழுதும் கைக்கு வரும் முன் சாவியைக் கொடுக்காதீர்கள்.

#10 சுகாதாரம்_மண்டலம்5

2020 மே, ஜூனில் சென்னையிலேயே தொற்று அதிகம் பதிவான மண்டலம் ராயபுரம். அதற்கு ஒரு காரணம், ஒரே கூரையின் கீழ் ஆறு குடும்பம், இரண்டு கழிவறை. காலி பண்ணச் சொல்வது எப்போதும் வாடகைக்காக இல்லை. பயத்தால் சொல்வதும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு வழி சொல்லாமல் சட்டத்தை மட்டும் நீட்டினால் வேலைக்கு ஆகாது.

பொதுக் கழிவறைக்கு: 30 சதவீத பிளீச்சிங் பவுடர், லிட்டருக்கு 30 கிராம். பத்து லிட்டர் வாளிக்கு 300 கிராம். தரை, கோப்பை, கைப்பிடி, தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய் முனை எல்லாம் நனைத்து 10 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றைய கரைசலில் வீரியம் இருக்காது. திறந்து வைத்த பவுடர் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிட்டால் அதுவும் வீண். ஆசிட்டோடு கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும், சின்னக் கழிவறைக்குள் மூச்சு முட்டும். நோய் கண்ட வீட்டாருக்கு ஒரு கழிவறையை ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் எல்லாரும் போன பிறகு அவர்கள் நேரம், அதன் பின் கழுவல்.

தண்ணீரை நிறுத்துவது பற்றி மனு எழுதும்போது இதைச் சேருங்கள்: தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு மோட்டார் போடாவிட்டால் அவர்கள் குடத்தோடு தெருக்கோடி அடிபம்புக்குத்தான் போவார்கள். அதாவது ஓனர் நிறுத்திய தண்ணீர் தெரு முழுக்க நோயைக் கொண்டுபோகும். "வாடகைத் தகராறு" என்று ஓரமாக வைக்கப்படும் மனு, "தனிமைப்படுத்தலை மீற வைக்கிறார்" என்றால் மாநகராட்சி சுகாதார அலுவலர் மேசையில் வேறு மாதிரி படிக்கப்படும். கதவில் மாநகராட்சி ஒட்டிய ஸ்டிக்கரை உடனே படம் எடுத்து வையுங்கள். இந்தத் தேதியில் இந்தக் கதவு எண்ணில் நீங்கள் குடியிருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

நர்ஸ், லேப் ஆட்கள், சமுதாய சுகாதாரப் பணியாளர் என்றால் அவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. 1897ஆம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டத்தை 2020-ல் திருத்தினார்கள், ஏப்ரல் 22 அவசரச் சட்டமாக வந்து செப்டம்பரில் சட்டமானது. அவர்கள் குடியிருப்பதையோ வேலை செய்வதையோ பாதிக்கும் தொல்லையையும் அது "வன்முறை" என்கிறது. 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அடித்தால்தான் குற்றம் என்றில்லை. தூய்மைப் பணியாளரும் தொற்றுத் தடுப்புப் பணிக்கு அதிகாரம் பெற்றவர் என்ற வகையில் இதில் வரலாம். அதற்குப் பணி ஆணை நகல் கையில் வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவர்களிடம் பெரும்பாலும் அடையாள அட்டை மட்டுமே இருக்கும், அது போதாமல் போகலாம்.

#11 நாலாம் போர்ஷன்

டாக்டரக்கா சொன்ன ஸ்டிக்கர் மேட்டர் சூப்பர். சரி, ஹவுசிங் போர்டு வூட்டுல உள்வாடகைக்கு இருக்கிறவங்க, கோயில் நெலத்துல இருக்கிறவங்க, இவங்களுக்கும் அதே வாடகை அதிகாரிதானா?

#12 மனு_எழுத்தர்

இல்லை, இங்கே தடுமாறி நிறைய மனு திரும்பி வரும். அரசு மற்றும் வாரியத்துக்குச் சொந்தமான வீடுகள் 2017 சட்டத்துக்கு வெளியே. வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீடு பெற்றவரிடம் உள்வாடகைக்கு இருந்தால் அந்த உள்வாடகையே ஒதுக்கீட்டு விதிக்கு விரோதம். புகார் கொடுத்தால் இரண்டு பேருமே மாட்டலாம். அவர்களுக்கு ஸ்டேஷனும் ஆட்சியரும்தான் வழி. கோயில், அறக்கட்டளை இடங்களுக்கும் விலக்கு உண்டு, அறநிலையத் துறை நடைமுறை தனி.

ஆட்சியர் அலுவலகம் நமக்குப் பக்கம், ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. திங்கள்கிழமை மனு நாள். ஊரடங்கில் மனு நாளே நடக்காமல் போகலாம், அப்போது முதலமைச்சர் உதவி மைய எண் 1100-க்கு அழைத்துப் பதிந்து மனு எண்ணை வாங்குங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் இவர்களோடு, பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச உதவி உண்டு என்று 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தொற்றைப் பேரிடராக அறிவித்துவிட்டால் அந்த வரியைச் சுட்டிக் கேளுங்கள்.

#13 மாடிவீடு

ஒரு சந்தேகம். ஒப்பந்தக் காலம் ஊரடங்கு நடுவில் முடிந்தால்? பதினோரு மாதம் முடிந்தது, காலி பண்ணு என்று சொல்வது தப்பா?

#14 ஸ்மால்காசஸ்

நல்ல கேள்வி. 2021 ஜூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. வெள்ளம், புயல், தீ, நிலநடுக்கம் போன்ற நேரத்தில் காலம் முடிந்தால், அது ஓய்ந்து ஒரு மாதம் வரை அதே வாடகையில் இருக்க விட வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் போர் உண்டு, வறட்சி உண்டு, தொற்றுநோய் என்ற சொல் இல்லை. "இயற்கை ஏற்படுத்தும் வேறு பேரிடர்" என்ற வாலுக்குள் வைரஸ் வருமா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கோவிட் நடுவில் எழுதிய சட்டத்தில் கோவிட்டுக்கே இடமில்லை, என்ன சொல்ல. அதுவும் மாதிரிதான், மாநிலம் தன் சட்டத்தில் எழுதினால்தான் உயிர்.

எனவே உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: "அரசு ஊரடங்கு அல்லது தனிமைப்படுத்தல் நடப்பில் இருக்கும்போது காலம் முடிந்தால், அது விலகி 30 நாள் வரை இதே வாடகையில் தொடரும்." ஓனருக்கும் இதில் நஷ்டமில்லை, ஊரடங்கில் புதுக் குடித்தனம் வரப்போவதில்லை. எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்குவதும் சேர்த்துத்தான். 2019-க்கு முன்பிருந்தே இருப்பவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாததே காலி செய்யக் கேட்க ஒரு காரணமாகிவிடும். "பதினைஞ்சு வருஷமா வாய் வார்த்தையில இருக்கோம்" என்பது பெருமை இல்லை, ஆபத்து.

#15 கல்மண்டபம்

நன்றிங்க. இதுவரை வந்ததை வச்சு நோட்டீஸ், திருத்தம் இருந்தா சொல்லுங்க:

"ஃபியூஸ், தண்ணீர், கழிவறை: வாடகை பாக்கி இருந்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு, இடைக்கால உத்தரவு கேட்கவும். பூட்டின் மேல் பூட்டு: உடைக்காதே. படம் எடு, 100, புகார், சி.எஸ்.ஆர். ரசீது. 6 மாதத்துக்குள் வழக்கு. வாடகை தள்ளுபடி இல்லை, தவணை கேள், எழுத்தில் வாங்கு. முடிந்த அளவு வங்கி மூலம் அனுப்பு, மாதத்தின் பெயரை எழுது. நோட்டீஸ் வந்தால் வாங்கு. ஒரு மாதம் உன் கையில். லீஸ் வீடு: பணம் வராமல் சாவி இல்லை. தாள்களைப் போட்டோ எடுத்து வெளியே ஒருவரிடம் வை. இலவச வக்கீல் 15100."

#16 நாலாம் போர்ஷன்

"உடைக்காதே"வை பெரிய எழுத்துல போடு தலைவா. அப்புறம் ஓனருக்கும் ரெண்டு வரி போடு, இல்லன்னா காலையிலயே கிழிச்சிடுவாரு.

#17 மாடிவீடு

ஓனருக்கு இதைப் போடுங்கள்: "தவணை ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் பாக்கிக்குக் கையெழுத்துள்ள அத்தாட்சி உங்களிடம் இருக்கும்." எங்களுக்கு அதுதான் வேண்டும். கிழிக்க மாட்டோம்.

#18 கல்மண்டபம்

சேர்த்தாச்சு. மீட்டர் போர்டு பக்கத்துல ஒட்டுறோம், மழைத்தண்ணி படாத செவுரு. பசை வேணாம், நாலு மூலையிலயும் செல்லோ டேப். வாடகை அதிகாரி அலுவலக முகவரிக்கு அடியில இடம் விட்டிருக்கு, அந்தந்தத் தாலுகாவுக்குத் தகுந்த மாதிரி பேனாவுல எழுதிக்கோங்க.